ஏலகிரிக்கு இரண்டு சைக்கிள்கள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் உலகத்தில் எல்லார் வீட்டிலும் எண்ணெய்க் குளியல், வடை, தூக்கம். எங்கள் வீட்டில் மட்டும் சண்டை. அதுவும் காலை நாலரை மணிக்கு!

நான் இரண்டாவது மாடியிலிருந்து சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பூனை மாதிரி படியிறங்குவேன். எத்தனை ஜாக்கிரதையாக இறங்கினாலும் கடைசிப் படிக்கு மூன்று படி முன்னால் சக்கரம் சுவரில் இடித்து மணி 'கிணிங்' என்று ஒரு தடவை அடித்துவிடும். உடனே மேலேயிருந்து குரல் வரும்:

"கிளம்பியாச்சா, மலை ஏற?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது நங்கநல்லூரில். சென்னையில் மலை ஏது? பக்கத்தில் இருப்பது பரங்கிமலை ஒன்றுதான். உயரம் முன்னூறு அடி. 1523-ஆம் வருஷம் போர்ச்சுகீசியர் கட்டிய கோயில் அதன் உச்சியில் இருக்கிறது. படிக்கட்டு ஒரு பக்கம், கார் போகிற பாதை ஒரு பக்கம். அந்தப் பாதையில் ஐந்து தடவை ஏறி ஐந்து தடவை இறங்குவது என் ஞாயிற்றுக்கிழமை விரதம். மழை நாளில் கத்திப்பாரா மேம்பாலம். அதுதான் என் இமயமலை.

இந்த வினை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆபீஸ் வேலை என்பது உட்கார்ந்தே செய்கிற வேலை. தொடர்கதை ஆசிரியர் இந்த வாரத்து அத்தியாயத்தை அனுப்பவில்லையென்றால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அனுப்பிவிட்டாலோ உட்கார்ந்து திருத்த வேண்டும். நடுவே ஆறு காப்பி. முப்பத்தேழாவது வயதில் டாக்டர் ஒருவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் சர்க்கரை வியாதி வரவில்லை, ஆனால் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது" என்றார். ஆபீஸ் நண்பர் ஒருவர் தம்மிடம் சும்மா கிடந்த மலை சைக்கிளை என் தலையில் கட்டினார். விலையைப் பற்றி இங்கே சொல்லமாட்டேன். இந்தப் பத்திரிகையை வீட்டிலும் வாசிக்கிறார்கள்.

மலை சைக்கிளைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டயர் இரண்டு அங்குல அகலம். அதில் முள் முள்ளாகக் கட்டைகள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. கல்லில் ஏறினால் சக்கரம் மட்டும் எகிறும், கை எகிறாது. கைப்பிடி எருமைக் கொம்பு மாதிரி அகலம். எல்லாவற்றிலும் முக்கியம் கியர். என் தகப்பனார் கும்பகோணத்தில் வைத்திருந்த கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். மிதியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமதரைக்கு ஜோர்! மேட்டைக் கண்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். என் வண்டியிலோ மிகச் சின்ன கியரில் முன்னால் 22 பல், பின்னால் 34. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றாது. வண்டி ஒன்றரை மீட்டர்தான் நகரும். ஆனால் நகரும்! நடக்கிற கிழவர் நம்மைத் தாண்டிப் போவார். அதைப் பொருட்படுத்தக் கூடாது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், 'தமல்பாயிஸ்' என்று ஒரு மலை. பெயரைக் கேட்டால் நம்மவர்கள் யாரோ போய் வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு சம்பந்தமும் இல்லை, அது அந்த மண்ணின் பழங்குடிகள் பாஷை. 1970-களில் அந்தப் பக்கத்து வாலிபர்கள் சிலர், 1930, 40-களில் செய்த தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, மலையின் மண் பாதைகளில் தலைதெறிக்க இறங்கி விளையாடினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1976 அக்டோபரில் ஒரு பந்தயமே வைத்துவிட்டார்கள். அந்தப் பழைய வண்டிகளுக்கு பிரேக் பின் சக்கரத்து அச்சுக்குள்ளே இருக்கும். ஒரு தரம் மலையிறங்கினால் சூட்டில் உள்ளேயிருக்கும் கிரீஸ் அத்தனையும் புகையாகப் போய்விடும். மறுபடியும் பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதற்கு இங்கிலீஷில் 'ரீபேக்'. பாதைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் இந்த விளையாட்டுக்கென்றே புது வண்டி ஒன்றைச் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1996-இல் அது ஒலிம்பிக்கிலேயே இடம் பிடித்துவிட்டது. ஆக, பிரேக் சூடேறிப் புகைந்ததில் பிறந்த விளையாட்டு இது. இந்த பிரேக் விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளாமல் போனேன்.

ஞாயிறு போக மற்ற ஆறு நாளும் நான் ஒரு சாதாரணக் குடும்பஸ்தன். ஐந்தரைக்குப் பால் பாக்கெட். ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார். ஆறரைக்குச் சின்னவனை எழுப்பும் படலம். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டே மறுபடியும் தூங்கக் கூடியவன். என் மனைவி பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறவள். அவளுக்கு நாலு டிபன் டப்பா கட்டியாக வேண்டும், எட்டேகாலுக்கு ரயிலைப் பிடித்தாக வேண்டும். இரவு ஒன்பதுக்குத்தான் நான் வீடு திரும்புவேன். அப்போது பாத்திரம் கழுவுவது என் பங்கு. நன்றாகவே கழுவுவேன் என்று பெயர். ஆனால் வாரத்தில் எல்லாரும் சேர்ந்திருக்கக் கூடிய ஒரே காலைப் பொழுதை நான் பரங்கிமலைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்பதுதான் அவளுடைய வழக்கு. அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. "டாக்டர் சொன்னார்" என்பேன். "டாக்டர் நடக்கச் சொன்னார். மார்க்கெட்டுக்கு நடங்கள்" என்பாள்.

மூத்தவளுக்கு வயது பதின்மூன்று. அவளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பத்து வயது வரைக்கும் நான் ஆபீஸிலிருந்து வந்தால் அன்றைய சங்கதி முழுவதையும் ஒப்பித்துவிட்டுத்தான் தூங்குவாள். பிறகு என்னவோ, கதவை ஒருக்களித்துச் சாத்த ஆரம்பித்தாள். எங்கள் சம்பாஷணை இப்படி ஆகிவிட்டது:

"சாப்பிட்டாயா?"

"ம்."

"பரீட்சை எப்படி?"

"ம்."

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் மூன்றாவது படியில் மணி அடித்தது. மேலேயிருந்து வழக்கமான குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் பெண் நிற்கிறாள், பள்ளிக்கூட ஷூ போட்டுக்கொண்டு.

"நானும் வரேன்ப்பா."

"உனக்கு ஏதம்மா சைக்கிள்? இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் பரங்கிமலையில் இரண்டு தடவைக்கு மேல் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் என் மனைவி தோசை வார்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாள்: "ஒன்று அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அந்த வண்டியை விற்றுவிடுங்கள்."

பழைய சைக்கிள் ஒன்று, சின்ன அளவில், பல்லாவரத்தில் கிடைத்தது. கியர் உண்டு, முன்னால் ஸ்பிரிங் உண்டு. பிரேக் மட்டும் பழைய தினுசு, கம்பி இழுத்து ரப்பர் கட்டை சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரகம். ஐந்து மாதம் இருவரும் பரங்கிமலை ஏறினோம். முதல் மாதம் அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாவது மாதம் நான் மேலே போய்ச் சேரும்போது அவள் சுவர்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். ஏறும்போது மூச்சு வாங்குகிறதல்லவா? அதனால் 'ம்' என்று மட்டும் சொல்ல முடியாது போலிருக்கிறது. நிறையப் பேச ஆரம்பித்தாள்.

அப்புறம்தான் ஏலகிரி யோசனை.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு சைக்கிளையும் பார்சல் பகுதியில் ஒப்படைத்து, சீட்டுக் கட்டி, ரயிலேறினோம். அந்த ரயிலுக்குப் பெயரே ஏலகிரி எக்ஸ்பிரஸ்தான். இறங்க வேண்டிய இடம் ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து வரும் தண்டவாளம் பெங்களூருக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று என்று பிரிகிற ஜங்ஷன் அது. என் கல்லூரித் தோழர் ஒருவர் அங்கே ரயில்வேயில் இருக்கிறார். இரவு அவர் வீட்டில் சாப்பாடு. மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தோம். கிழக்கே ஒரு பெரிய கறுப்பு உருவம் நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நின்றது. "அதுவாப்பா?" என்றாள் பெண். "அதுதான்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பரங்கிமலை மாதிரி இல்லியே" என்றாள் பிறகு.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பொன்னேரி என்ற ஊரில் திருப்பத்தூர் சாலையிலிருந்து மலைப் பாதை பிரிகிறது. (நம் மீஞ்சூர்ப் பக்கத்துப் பொன்னேரி அல்ல, இது வேறே.) மலை மேல் இருக்கும் அத்தனாவூருக்கு அங்கிருந்து பதினாலு கிலோமீட்டர் வாக்கில் ஆகிறது. கொண்டை ஊசி வளைவுகளும் பதினாலு. மலையின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ஊட்டிக்கு இதில் இரண்டு பங்கு உயரம். அதனால்தான் ஏலகிரியை 'ஏழைகளின் ஊட்டி' என்று சொல்கிறார்கள். சைக்கிளில் ஏறிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் ஏழ்மை ஒன்றும் கிடையாது.

இந்தப் பாதையை அமைத்தவர்களில் யாரோ ஒரு தமிழ் அன்பர் இருந்திருக்க வேண்டும். வளைவு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். முதலில் புலவர்கள்: பாவேந்தர், பாரதியார், வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார். அதற்கு மேலே போனால் கடையெழு வள்ளல்கள். சென்னையில் தமிழ்ப் பாடத்தில் நாற்பது மார்க் வாங்குகிற பிள்ளையை இங்கே ஒரு தரம் சைக்கிளில் ஏற்றினால் போதும், ஜன்மத்துக்கும் மறக்காது!

பாரதியார் வளைவு வரைக்கும் வீரம் இருந்தது. வள்ளுவரிடம் முதல் தடவை தண்ணீர் குடித்தோம். இளங்கோவுக்கும் கம்பருக்கும் நடுவில் பஸ் ஒன்று முக்கிக்கொண்டே எங்களைத் தாண்டிற்று. ஜன்னலோரத்து அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்த பார்வையில் கருணை வழிந்தது. கம்பரில் குரங்குகள். வாழைப்பழம் வைத்திருந்த பையைப் பெண் மார்போடு அணைத்துக்கொண்டாள். குரங்குகளும் மரியாதையாக விட்டுவிட்டன. கபிலரைத் தாண்டியதும் கீழே ஜோலார்பேட்டை தெரிந்தது. ரயில் ஒன்று புழு மாதிரி ஊர்ந்தது. ஔவையாரிடம் நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, அடுத்தது பாரி" என்றாள் பெண். "முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்தவர்."

"ஒரு கொடி கண்ணில் பட்டால் சொல்லம்மா. இந்த வண்டியை இப்போதே கொடுத்துவிடுகிறேன்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் குரங்கு இறங்கி ஓடிற்று. மூன்று வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. அதன் பலத்தில் பாரி, காரி, ஓரி எல்லாரையும் கடந்துவிட்டேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வளைவில், எனக்கு ஓர் ஈரத்துண்டு கொடுப்பாரில்லையே என்ற குறை மட்டும் இருந்தது. அத்தனாவூர் டீக்கடையில் போய் விழும்போது மணி ஒன்பதேகால்.

"இன்னா சார், இதுலயா ஏறி வந்தீங்க? பாப்பாவுமா?" என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு டீ, பாப்பாவுக்குப் பால், பக்கத்தில் இரண்டு பன். பாப்பாவின் பன்னுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

உல்லாசப் பிரயாணிகள் பார்க்கிற ஏலகிரி அத்தனாவூரைச் சுற்றி இருக்கிறது. புங்கனூர் ஏரி, படகு, பூங்கா, முருகன் கோயில், ஹோட்டல்கள். அவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது தார் இல்லாத பாதை. நிலாவூர்ப் பக்கம் போனால் அது கிடைக்கிறது. மலை மேல் சின்னச் சின்னதாகப் பதினாலு கிராமம் என்பார்கள். ஊருக்கு ஊர் செம்மண் தடம். இருபுறமும் உண்ணிச்செடி, நடு நடுவே கேழ்வரகுக் கொல்லை, வீட்டுக்கு வீடு பலா. இங்கே பூர்விகமாகக் குடியிருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆளுகிறவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். காப்புக் காட்டுக்குள் போகிற தடங்களும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் நுழையக் கூடாது, நாங்கள் நுழையவில்லை.

மண் பாதையில் இறங்குவது ஒரு வித்தை. ஆசனத்தில் உட்காரக் கூடாது. இரண்டு மிதியும் ஒரே மட்டத்தில் இருக்க, அதன்மேல் நின்றுகொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். பிரேக்கில் ஒரே ஒரு விரல். எல்லாவற்றையும்விட, கல்லைப் பார்க்கக் கூடாது. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். போக வேண்டிய வழியை மட்டும் பார்க்க வேண்டும். இதை நான் பெண்ணுக்குக் கால் மணி நேரம் விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்தேன். அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் ஓடுகிற மாதிரி சரசரவென்று இறங்கிப் போய்விட்டாள். பின்னால் வந்த பிரசங்கி ஒரு கல்லைப் பார்த்தார். அழகான கல், பிள்ளையார் மாதிரி இருந்தது. நேரே போய் அதை நமஸ்கரித்தார்.

உண்ணிச்செடிப் புதரிலிருந்து என்னை வெளியே இழுத்தவர், தலையில் பலாப்பழத்தோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர். பழத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் என்னையும் மறு கையால் வண்டியையும் தூக்கி நிறுத்தினார். அவருக்கு வயது எழுபதுக்குக் குறையாது. சின்ன வயதில் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் அடிவாரச் சந்தைக்கு இறங்கி, சாயங்காலம் உப்பும் புளியும் சுமந்து ஏறுவாராம். தம் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்துப் பழத்தை அறுத்துச் சுளை சுளையாக இலையில் வைத்தார்கள். புறப்படும்போது பெரியவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணிடம் சொன்னார்:

"நாளைக்கு எறங்கறப்போ மலையை ஒட்டியே போ கண்ணு. பள்ளத்துப் பக்கம் போவாதே. எது ஆனாலும் மலை தாங்கிக்கும்."

இரவு ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். படுக்கும் முன் பெண், "அப்பா, முன் பிரேக் கொஞ்சம் லூஸாக இருக்கிறது" என்றாள். உபகரணப் பையை எடுத்துப் புதுக் கம்பி போட்டேன். மலை சைக்கிள்காரன் அல்லவா? சீட்டியடித்துக்கொண்டே போட்டேன். கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணியை முறுக்கினேன். எவ்வளவு முறுக்கினேன்? அந்தக் கேள்வியை அதற்கப்புறம் எத்தனையோ இரவு என்னையே கேட்டுக்கொண்டுவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். ஏறும்போது ஒவ்வொரு வள்ளலும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். இறங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு ஒருவர் ஓடி வந்தார். காற்று காதில் சீழ்க்கையடித்தது. அவள் முன்னே, நான் பின்னே. ஓரி, காரி, பாரி. வளைவுக்கு வளைவு அவள் வேகத்தைக் குறைப்பதும், வெளியிலிருந்து உள்ளே சாய்வதும், எனக்குப் பார்க்கப் பார்க்கப் பெருமை. ஔவையாரைத் தாண்டியதும் அவள் குறைக்கவில்லை.

"அப்பா! பிரேக்!"

முன் பிரேக்கின் பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. கம்பி நழுவிவிட்டது. பின் பிரேக் ஒன்றுதான். மலையிறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் சறுக்குமே தவிர வண்டி நிற்காது. முன்னால் கபிலர் வளைவு. வலது பக்கம் தாழ்வான சுவர், அதற்கப்பால் ஆகாயம்.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. வார்த்தை வந்ததா என்பதே சந்தேகம். ஐந்து மாதம் கற்றுக்கொடுத்தவனுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் இடப்பக்கம் திரும்பினாள். மலையை ஒட்டி மழைத் தண்ணீர் போகிற கால்வாய், அதில் சருகும் மண்ணும் நிரம்பிக் கிடந்தது. அதற்குள் வண்டியை இறக்கினாள். சக்கரம் சருகில் புதைந்து, இழுத்து, மண் சரிவில் தோளை உரசிக்கொண்டே இருபது அடி போய், வண்டி சாய்ந்து, அவளும் சாய்ந்தாள். நின்றுவிட்டது.

நான் என் வண்டியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. ஓடினேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை தோல் வழண்டு ரத்தம். முகத்தில் மண். ஹெல்மெட்டில் ஒரு கீறல். கை கால் எல்லாம் அசைத்துக் காட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழாதீங்கப்பா" என்றாள்.

கபிலர் பலகைக்குக் கீழேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் விட்டுக் காயத்தைக் கழுவிக் கட்டினேன். என் கை நடுங்கியதால் முடிச்சை அவளே போட்டுக்கொண்டாள். பாரி இறந்த பிறகு அவன் பெண்கள் இருவரையும் கூடவே அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் கபிலர். அது ஞாபகம் வந்தது; சொல்லவில்லை. அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும், பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லவேண்டாம் அம்மாவுக்கு" என்றாள் கடைசியில். "கீழே விழுந்தேன் என்று மட்டும் சொல்லுவோம். இல்லாவிட்டால் இனிமேல் விடமாட்டாள்."

மீதி மலையைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து இறங்கினோம். ஐந்து புலவர்கள், இரண்டு மணி நேரம். ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். காட்பாடி வந்தது, அரக்கோணம் வந்தது. சொல்வதா, வேண்டாமா என்று நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு பரங்கிமலை உண்டு. அந்தச் சிரிப்பும் உண்டு. பெண்ணே கேட்டுக்கொண்டுவிட்டாள். ஆனால் திருகாணியை முறுக்கியவன் அவள் இல்லையே.

இரவு ஒன்பது மணிக்கு வீடு. சின்னவன் பலாச்சுளை இருக்கும் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மனைவி முதலில் பெண்ணின் முழங்கையைத்தான் பார்த்தாள். "விழுந்துட்டேம்மா. சின்னக் காயம்" என்றாள் பெண், என்னைப் பார்த்துக்கொண்டே.

"விழவில்லை. நான் பிரேக்கைச் சரியாக முறுக்கவில்லை" என்றேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வலது பக்கத்துச் சுவரையும் சொன்னேன்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மருந்து எடுத்து வந்து புதுக் கட்டுப் போட்டாள். சாதம் போட்டாள். பாத்திரத்தை நான் கழுவப் போனபோது, "வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு 'வேண்டாம்' இருக்கிறதே, ஏலகிரி பதினாலு வளைவும் அதற்கு முன் ஒன்றுமில்லை. பெண் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். என் மேல் கோபம்.

இரண்டு ஞாயிறு சைக்கிள் இரண்டும் வராந்தாவில் நின்றன. நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், மார்க்கெட்டுக்கு நடந்தேன், வடை தின்றேன். வீட்டில் யாரும் அதை ரசித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை இரவு நான் ஆபீஸிலிருந்து வரும்போது வராந்தா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்ணின் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் என் ஸ்பானர். பெண் பக்கத்தில் குந்தியிருந்து, "அது இல்லம்மா, இந்தத் திருகாணி" என்று காட்டிக்கொண்டிருந்தாள். மனைவி முறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் முறுக்கினாள். எழுந்து, பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் முழுப் பலத்தோடும் வண்டியை முன்னால் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கள் வண்டியையும் இப்படிக் கொண்டுவாருங்கள்" என்றாள்.